ஸ்மோக்கி மலைகள்: மரக்குடிசைகளும் காலியான ஊர்களும்

மே 12, 2025, திங்கள் – செரோக்கி

அட்லாண்டாவிலிருந்து கிளம்பி, 441ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து, மதியத்துக்குள் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவை ஒட்டிய செரோக்கி ஊருக்கு வந்து சேர்ந்தோம். இங்கே தெருப் பலகைகளில் ஆங்கிலத்தோடு செரோக்கி எழுத்தும் இருக்கிறது. 1838இல் அமெரிக்க அரசு படையை அனுப்பி இந்த மண்ணின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களை மேற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டியது. முகாம்களிலும் வழியிலும் சுமார் 4,000 பேர் இறந்ததாகக் கணிக்கிறார்கள். எப்படியோ இந்த மலைகளிலேயே தங்கிவிட்டவர்களின் வம்சம்தான் இன்று இங்கே வாழ்கிறது. வெள்ளைக் குடியேறிகளின் வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் இந்த ஊரிலிருந்து தொடங்குவதுதான் முறை என்று நினைக்கிறேன்.

ஊரைத் தாண்டியதும் ஒக்கோனலஃப்டி பண்ணை அருங்காட்சியகம். மலையின் பல மூலைகளிலிருந்து பிரித்தெடுத்து வந்து, 1950களில் இங்கே நிறுத்திய கட்டிடங்கள். டேவிஸ் வீடு முழுக்க அமெரிக்கச் செஸ்ட்நட் மரம். சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றேன். 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் ஒரு பூஞ்சை நோய் இந்தக் காட்டின் செஸ்ட்நட் மரங்களை அழித்துவிட்டது. அந்தப் பருமனில் ஒரு மரத்தைப் பார்க்க வேண்டுமானால், இனி இப்படிப்பட்ட சுவர்களில்தான் பார்க்க முடியும்.

மே 13, செவ்வாய் – நியூஃபவுண்ட் கேப், லிட்டில் கிரீன்பிரையர்

காலையில் மலையேறும் சாலை. கீழே இலை விரிந்த காடு. மேலே போகப் போக ஸ்ப்ரூஸ், ஃபிர் மரங்கள். 5,046 அடியில் நியூஃபவுண்ட் கேப் என்ற கணவாய். டென்னசி, வட கரோலினா எல்லை இதுதான். 1940இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இந்தத் தேசியப் பூங்காவை அர்ப்பணித்த இடமும் இதுதான். கூவோஹி சிகரத்துக்கும் (6,643 அடி) போனோம். கிளிங்மன்ஸ் டோம் என்று அழைக்கப்பட்டுவந்த சிகரத்துக்குச் சென்ற ஆண்டுதான் செரோக்கிப் பெயர் திரும்பக் கிடைத்தது. மேலே ஒரே மூடுபனி, எதுவும் தெரியவில்லை. சரி என்று இறங்கிவிட்டோம்.

மதியம் மெட்காஃப் பாட்டம்ஸில் வண்டியை விட்டுவிட்டு நடை. (பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆனால் கால் மணி நேரத்துக்கு மேல் வண்டி நிறுத்தினால் நாளுக்கு 5 டாலர் சீட்டு.) முதலில் 1882இல் கட்டிய பள்ளிக்கூடம், அதை ஒட்டி இடுகாடு. அப்புறம் ஒரு மைலுக்குச் சற்று மேல் நடந்தால் வாக்கர் சகோதரிகளின் வீடு. பூங்காவுக்காக நிலம் வாங்கியபோது விற்க மறுத்த ஐந்து சகோதரிகள் இவர்கள். கடைசியில் 1941இல் 4,750 டாலருக்குக் கொடுத்தார்கள், சாகும்வரை இங்கேயே இருப்போம் என்ற உரிமையோடு. கடைசிச் சகோதரி லூயிசா 1964இல்தான் இறந்தார். அந்தச் சின்னத் திண்ணையில் உட்கார்ந்தபோது அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

மே 14, புதன் – கேட்ஸ் கோவ்

கோடையில் புதன்கிழமைகளில் இந்த 11 மைல் சுற்றுச்சாலையில் மோட்டார் வண்டிகளை விடுவதில்லை. சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். ஏற்றங்கள் தொடையைப் பதம் பார்த்தாலும், இந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஜான் ஆலிவர், லுக்ரீஷியா தம்பதி 1818இல் இங்கே வந்தார்கள். அப்போது இது செரோக்கி நிலம். ஒப்பந்தப்படி கைமாறியது 1819இல்தான். முதல் குளிர்காலத்தில் பட்டினி கிடந்தவர்களுக்கு உலர்ந்த பூசணியைக் கொடுத்துக் காப்பாற்றியது செரோக்கிகள்தான் என்று சொல்கிறார்கள். இருபது வருடத்தில் அந்தச் செரோக்கிகளுக்கு என்ன நடந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

1850இல் இங்கே 685 பேர். “அப்பா, அவ்வளவு பேர் இருந்தாங்கன்னா மத்த வீடெல்லாம் எங்க?” என்று மகள் கேட்டாள். நான் சொல்ல விரும்புவதும் அதுதான். 1930களில் இங்கே பலகை வீடுகள், தபால் நிலையம், கார்கள் எல்லாம் இருந்தன. பூங்கா நிர்வாகம் பழைய மரக்குடிசைகளை வைத்துக்கொண்டு, புது மாதிரி வீடுகளில் பெரும்பாலானவற்றை இடித்தது. நாம் பார்ப்பது ‘ஆதிக் குடியேறிகள்’ என்ற ஒரு தேர்ந்தெடுத்த படம். ஆலிவரின் கொள்ளுப்பேரன் ஜான் டபிள்யூ. ஆலிவர் நிலத்தைப் பூங்காவுக்குக் கொடுக்க மறுத்து, நீதிமன்றத்தில் போராடித் தோற்று 1937இல் வெளியேறினார். அவர் வாழ்ந்த ஊர் இந்தப் படத்தில் இல்லை. காட்டையும் கரடிகளையும் காப்பாற்றியதற்குப் பூங்காவுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் இடித்த வீடுகளின் கதையும் அதே அளவுக்குச் சொல்லப்பட வேண்டும்.

பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் தேவாலய இடுகாட்டை யாரும் தவறவிடாதீர்கள். ஆலிவர் தம்பதி இங்கேதான் இருக்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்ட, இந்தப் பள்ளத்தாக்குக்காரர் ரஸ்ஸல் கிரிகரியின் கல்லில், வட கரோலினா கலகக்காரர்கள் (தெற்குத் தரப்பினர்) அவரைக் கொன்றதாக வெளிப்படையாகவே பொறித்திருக்கிறார்கள்.

கேபிள் என்பவரின் பழைய மாவு ஆலையின் தண்ணீர்ச் சக்கரம் அழகு.

மே 15, வியாழன் – பிரைசன் சிட்டி

ஊர் திரும்பும் வழியில் ‘எங்கும் போகாத சாலை’. போர்க்கால மின்சாரத்துக்காக ஃபோன்டானா அணை கட்டியபோது பழைய சாலை நீரில் மூழ்கியது. கரையோர மக்கள் கிளம்ப வேண்டியதாயிற்று. அவர்களின் இடுகாடுகளுக்குப் போகப் புதுச் சாலை போட்டுத் தருவதாக 1943இல் ஒப்பந்தம். சில மைல் போட்டு, ஒரு சுரங்கப்பாதையும் குடைந்து, அதோடு நிறுத்திவிட்டார்கள். தோண்டினால் அமிலம் கசியும் பாறை என்பது ஒரு காரணம். 2010இல், சாலைக்குப் பதிலாக மாவட்டத்துக்கு 5.2 கோடி டாலர் தருவதென முடிவானது.

சுரங்கத்துக்குள் நடந்து மறுபக்கம் போனோம். அங்கே வெறும் காட்டுப் பாதைதான். கல்லறைகளுக்குப் பூச்சூட்டும் நாட்களில் குடும்பங்கள் இன்னமும் ஏரியைப் படகில் கடந்துதான் போகின்றன. படகுகளைப் பூங்காவே ஏற்பாடு செய்து தருகிறது.