என்னைப் பேசினான்

குற்றவியல் நடுவர் நீதிமன்றம் ஒன்றில் தட்டச்சராக இருந்த ஆண்டுகளில், பேச்சைக் குறிக்கும் சொற்களில் ஒன்று மற்றொன்றின் இடத்தில் உட்காராது என்பதைப் பழக்கத்தில் தெரிந்துகொண்டேன். வாக்குமூலம் கொடுப்பார்கள், சாட்சி சொல்வார்கள், தீர்ப்புக் கூறுவார்கள். 'கூறினேன்' என்று கூண்டில் நின்று ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. காவல் நிலையத் தாள்களில்தான் எல்லோரும் கூறுகிறார்கள்.

சாட்சியத்தைக் கேள்வி பதிலாக அல்லாமல், பெரும்பாலும் சாட்சியே தொடர்ந்து சொல்வதுபோல் எழுதுவதே வழக்கம். 'நீங்கள் அன்று ஊரில் இல்லைதானே?' என்று வழக்கறிஞர் கேட்க, சாட்சி 'இல்லய்யா' என்றால், அந்த 'இல்லை' ஊரில் இல்லாததைச் சொல்கிறதா, கேள்வியையே மறுக்கிறதா என்று திரும்பக் கேட்டு, மறுப்புதான் என்று தெரிந்த பிறகே 'நான் அன்று ஊரில் இல்லை என்றால் சரியல்ல' என்று தாளில் ஏறும். 'பார்த்தீர்களா?' என்றால் 'பார்க்காமல் சொல்வேனா?' என்பவர்களும் உண்டு. நன்னூல் இதை 'வினா எதிர் வினாதல்' என்று எட்டு வகை விடைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொள்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

நான் பிழை செய்தது இதைவிடச் சிறிய இடத்தில். பக்கத்து வீட்டுக்காரர் ஆபாசமாகத் திட்டிக் கொலை மிரட்டல் விடுத்ததாக வந்த வழக்கில், மூதாட்டி ஒருவர் 'அவன் என்னயப் பேசுனான்யா' என்றார். வேற்றுமை உருபு வழுக்கியிருக்கிறது என்று எண்ணி, எவரும் கேட்காமலே அதைத் திருத்தி, குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்ற வழக்கப்படி 'எதிரி' ஆக்கி, 'எதிரி என்னிடம் பேசினார்' என்று அடித்துவிட்டேன். அவர் ஊர் வழக்கில் ஒருவரைப் பேசுவது என்றால் ஏசுவது. ஒருவரிடம் பேசுவது வெறும் உரையாடல். ஓர் உருபை மாற்றியதில் குற்றச்சாட்டே உதிர்ந்துபோயிருந்தது.

1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 278ஆவது பிரிவில், பதிவான சாட்சியத்தைச் சாட்சிக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்றது. அன்று படித்தபோது, அதுவரை கூண்டின் விளிம்பைப் பிடித்தபடி நின்ற அந்த அம்மாள் சட்டென்று நிமிர்ந்து, 'எங்கிட்ட எதுக்குய்யா அவன் பேசுறான்? பேசி நாலு வருசம் ஆச்சு. என்னயல்ல பேசுனான்!' என்றார். நடுவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். 'என்னிடம்' என்பதைக் கோடிட்டு அடித்து, மேலே பேனாவால் 'என்னை' என்று எழுதி நீட்டினேன்; அவர் ஓரத்தில் சுருக்கொப்பமிட்டார்.