ஞாயிற்றுக்கிழமை அட்டவணை

சனிக்கிழமை இரவு டியூட்டிக்குப் போனால் நான் முதலில் தேடுவது சாக்பீஸைத்தான். கேஷை எண்ணி வாங்குவது, டிக்கெட் ரோலைச் சரிபார்ப்பது எல்லாம் அதற்கு அப்புறம். தாம்பரத்துக்குத் தெற்கே, கூடுவாஞ்சேரியையும் தாண்டி, செங்கல்பட்டு போகும் வழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க்காகப் பல வருஷம் இருந்தேன். கவுண்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை உண்டு. மறுநாள் எங்கள் ஸ்டேஷனில் நிற்கப்போகும் வண்டிகளை எல்லாம் அதில் எழுதி முடித்த பிறகுதான் நாற்காலியில் உட்காருவேன்.

இந்தப் பழக்கம் முதலிலிருந்தே இருந்ததில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தது அட்டை டிக்கெட் காலம். 1931-ல் சென்னை பீச் ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே தொடங்கிய மீட்டர்கேஜ் மின்சார ரயில் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. 2004 ஜூலையில்தான் அது நின்றது. ஞாயிறு வண்டி குறைவு என்பதை நாங்களும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. லீவு நாள், கூட்டம் இருக்காது, அவ்வளவுதான். பொங்கல், தீபாவளி, குடியரசு தினம் வந்தால் "ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி ரயில்கள் இயங்கும்" என்று ஒரு வரி அறிவிப்பு வரும். அதற்குமேல் நான் யோசித்ததில்லை.

கவுண்ட்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்துத்தான் ஞாயிற்றுக்கிழமை யாருடைய நாள் என்று எனக்குப் புரிந்தது. வார நாளில் வரும் ஐ.டி. பையன்களும் கல்லூரிப் பிள்ளைகளும் அன்றைக்கு இருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரி ஆயாக்கள், நர்ஸுகள், அபார்ட்மென்ட் செக்யூரிட்டிகள், ஓட்டல் பிள்ளைகள், பூக்கூடையோடு வரும் அம்மாக்கள், தி.நகர் துணிக்கடைகளில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்கள் வருவார்கள். துணிக்கடைக்கு ஞாயிறுதான் பெரிய வியாபாரம். மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் ஜனம் வந்து சேர்வதற்கு முன்னால் இவர்கள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அட்டவணை யாரை லீவு என்று நினைக்கிறதோ, அவர்கள் யாருமே அந்த நாளில் வண்டி ஏறுவதில்லை.

வண்டிகளைக் குறைக்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பீச்சிலிருந்து தாம்பரம் சுமார் 30 கிலோமீட்டர், செங்கல்பட்டு 60. லோக்கல்களில் நிறைய தாம்பரத்தோடு திரும்பிவிடும். கோடம்பாக்கத்தில் நிற்பவருக்கு ஒரு வண்டி போனால் கொஞ்ச நேரத்தில் அடுத்தது. பரனூரிலும் காட்டாங்குளத்தூரிலும் அப்படி இல்லை. ஒரே ஒரு செங்கல்பட்டு வண்டி ரத்தானால், அங்கே நிற்பவருடைய காலைப் பொழுதே போய்விடும். ரத்துப் பட்டியலில் பார்த்தால் இரண்டும் ஒரு வரிதான்.

ரயில்வேக்காரன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். லைன் பிளாக் கொடுக்காமல், அதாவது ஒரு பாதையில் சில மணி நேரம் வண்டிகளை நிறுத்தி வைக்காமல், தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ள முடியாது. மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. அதை நிறுத்தி, எர்த் பண்ணி, அப்புறம்தான் கம்பி வேலைக்கான டவர் வேகன் வண்டியின் மேடையில் ஆள் ஏற முடியும். டேம்பிங் மெஷின் தன் இடத்திலிருந்து ஊர்ந்து வந்து, ஜல்லியை இடித்து இறுக்கிவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். தண்டவாளம் பிரியும் இடத்தில் பாயின்ட் மாற்றுவது, தண்டவாளத்தை வெட்டி வெல்டிங் வைப்பது எதுவும் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை இல்லை. இரவில் செய்யலாமே என்று கவுண்ட்டரில் கேட்பார்கள். கடைசி லோக்கல் நள்ளிரவை ஒட்டிப் போகிறது; விடிகாலை நான்கு மணிக்கெல்லாம் முதல் லோக்கல் கிளம்பிவிடும், தெற்கேயிருந்து எழும்பூருக்குப் போகும் எக்ஸ்பிரஸ்களும் வரிசையாக வரத் தொடங்கும். மெஷின் வந்து போகிற நேரத்தைக் கழித்தால் வேலைக்கு என்ன மிஞ்சும்? அதனால்தான் ஞாயிறு பகல். மே மாத வெயிலில், நிழலே இல்லாத இடத்தில், கேங்மேன்கள் பிளாக் முடியும் நேரத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்வதை நான் பிளாட்பாரக் கோடியில் நின்று பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர்களுக்கும் ஞாயிறுதான். பிளாக்கையே எதிர்த்து யாராவது பேசினால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

என் குறை அங்கே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செய்த தவற்றில்தான் அது தொடங்குகிறது.

துணிக்கடைக்குப் போகும் ஒரு பெண். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். உள்ளே நான்கு கிலோமீட்டரில் கிராமம், ஷேர் ஆட்டோவில் வருவார். "சார், எட்டே முக்கால் வண்டி இருக்குல்ல?" என்று கேட்டார். நான் தலையைக்கூட நிமிர்த்தாமல் "இருக்கும்மா" என்றேன். பிளாக் அறிவிப்பு இரண்டு நாள் முன்னாலேயே வந்து, என் பின்னால் சுவரில் கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வண்டியும் அதற்கடுத்த வண்டியும் அன்றைக்கு ரத்து. அந்தப் பெண் ஒன்றே கால் மணி நேரம் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

மறு வாரம் வந்து சொன்னார். சண்டை போடவில்லை. "அரை நாள் சம்பளம் புடிச்சிட்டாங்க சார். நீங்க இருக்குன்னு சொன்னதாலதான் உக்காந்தேன். இல்லேன்னு சொல்லியிருந்தா ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு நடந்து பஸ்ஸுல போயிருப்பேன்."

அந்த அரை நாள் சம்பளம் என் கணக்கில் இன்னும் இருக்கிறது. வண்டியை ரத்து செய்தது நான் இல்லை. ஆனால் அவருக்கு பஸ் என்று ஒரு வழி இருந்தது. அதை அடைத்தது என் ஒரு சொல்.

அன்று ராத்திரி அந்த அறிவிப்பை எடுத்து, ஒரு பயணியாக நினைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். ஐந்து இலக்க வண்டி எண்கள், எல்லாம் நான்கில் தொடங்குபவை. எதிரே, பீச்சிலிருந்தோ செங்கல்பட்டிலிருந்தோ புறப்படும் நேரம். லோக்கலில் போகிறவர் யாரும் வண்டி எண் தெரிந்து ஏறுவதில்லை. நடு ஸ்டேஷனில் நிற்கிறவர், பீச்சில் புறப்படும் நேரத்தோடு நிமிஷங்களைக் கூட்டி, தன் வண்டி எது என்று தானே கண்டுபிடிக்க வேண்டும். அதையும்விட, அந்தப் பட்டியல் எது ஓடாது என்றுதான் சொல்கிறது. நிற்கிறவருக்கு வேண்டியது எது ஓடும் என்பது. ரயில்வே ஊழியர்களுக்கான ஒர்க்கிங் டைம்டேபிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரத்தானவற்றை அடித்துவிட்டு, மிச்சத்தை எங்கள் ஸ்டேஷன் நேரத்துக்கு மாற்றி எழுத எனக்கே அரை மணி ஆயிற்று. அனுபவம் உள்ளவனுக்கு அரை மணி. இதைத்தான் நாம் அவசரத்தில் வருகிற ஒவ்வொருவரிடமும் எதிர்பார்க்கிறோம்.

அதிலிருந்து எழுதத் தொடங்கினேன். "பீச் பக்கம்" என்று ஒரு பத்தி, "செங்கல்பட்டு பக்கம்" என்று ஒரு பத்தி. நடுவில் பெரிய இடைவெளி வந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, "இந்த நேரத்தில் வண்டி இல்லை, பஸ் பார்க்கவும்" என்று எழுதுவேன். பஸ்ஸுக்குப் போ என்று நாமே சொல்லலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். சொல்லத்தான் வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

2024-ல் தாம்பரம் யார்டு வேலை வந்தது. ஜூலை கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதிக்கு மேல் வரை. ஒரு கட்டத்தில் பகலில் லோக்கல் பீச்சிலிருந்து பல்லாவரம் வரை, இந்தப் பக்கம் கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு வரை, நடுவில் பஸ். எங்கள் ஊர்க்காரர் மாம்பலம் போக மூன்று வண்டி மாற வேண்டும். அத்தனை கஷ்டத்திலும் கவுண்ட்டரில் சத்தம் குறைவாக இருந்தது. டி.வி.யில் சொன்னார்கள், பேப்பரில் வந்தது, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பினார்கள். பெரிய ரத்து முன்கூட்டித் தெரிந்தால் ஜனம் எப்படியோ சமாளித்துக்கொள்கிறது. ஏதோ ஒரு ஞாயிறு காலை சொல்லாமல் போகும் இரண்டு வண்டிகள்தான் ஆளைச் சாய்க்கின்றன.

சொல்கிற தேதியும் அப்படித்தான். பீச்சுக்கும் எழும்பூருக்கும் நடுவே போட்ட நான்காவது பாதைக்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் வேளச்சேரி பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்று அறிவிப்பு. மறுபடி பீச் வரை ஓடியது 2024 அக்டோபர் 29-ல்; பதினான்கு மாதம். ஏழு மாதம்தானே என்று பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் கணக்குப் போட்டவர்கள் அதே கணக்கை இரண்டு தடவை போட வேண்டியிருந்தது.

அட்டவணை மாற்றத்தில் நிமிஷக் கணக்கும் சின்ன விஷயம் இல்லை. புது அட்டவணை ஒன்றில் எங்கள் காலை வண்டி ஏழு நிமிஷம் முன்னால் வந்தது. கிராமத்திலிருந்து வரும் ஷேர் ஆட்டோவோ பழைய நேரத்துக்கேதான் வந்து சேர்ந்தது. ஒரு வாரம் முழுக்க, வண்டி கிளம்பும்போது படிக்கட்டில் ஆள் ஓடி வருவதைப் பார்த்தேன். அப்புறம் நானே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய் டிரைவர்களிடம் புது நேரத்தைச் சொன்னேன். மறுநாளே பத்து நிமிஷம் முன்னால் எடுத்தார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் முன்னால் ஒரு ஞாயிறு. பிளாக் இருந்தது. பலகையில் எட்டரைக்கும் பத்துக்கும் நடுவே கோடு. அந்தப் பெண் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தார். தலைமுடியில் கொஞ்சம் வெள்ளை ஏறியிருந்தது. பலகையின் முன் நின்று விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. டிக்கெட்டும் வாங்கவில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் வேகமாக நடந்து போனார்.