கதண்டு கொட்டினால் எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்

பாபநாசம் பக்கத்தில் இருக்கிற என் அம்மா வீட்டில் தென்னை மட்டை ஒன்று விழுந்து, அதிலிருந்த கதண்டுக் கூடு கலைந்துவிட்டது. கதண்டு என்பது விஷம் அதிகமுள்ள பெரிய குளவி. கீழே விளையாடிய என் மகளுக்குக் கழுத்தில் இரண்டு கொட்டு, முழங்கையில் ஒன்று. அவளுக்கு வயது 7.

வந்தவர்கள் எல்லோரும் கொட்டிய இடத்தையே பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அத்தை சுண்ணாம்பு டப்பாவோடு வந்துவிட்டார். தேனீயாக இருந்தால் கொடுக்கு தோலில் நிற்கும், உடனே எடுத்துவிட வேண்டும். கதண்டு கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. அதனால் சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸைத் துணியில் சுற்றி வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் "வயிறு அரிக்குதும்மா" என்றாள். சட்டையைத் தூக்கினேன். ஒரு கொட்டுகூடப் படாத வயிற்றில் திட்டுத் திட்டாகத் தடிப்பு. அப்புறம் வறட்டு இருமல், குரல் கம்மல், வாந்தி. அதற்கு மேல் நான் காத்திருக்கவில்லை.

கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் பெரும்பாலும் தானாக வற்றிவிடும். பார்க்க வேண்டியது மற்ற இடங்களை. உதடு, நாக்கு, கண் இமை வீங்குகிறதா, மூச்சு இழுக்கிறதா, பிள்ளை துவள்கிறதா என்று பாருங்கள். இதில் எது தெரிந்தாலும் உடனே கிளம்புங்கள். வாய்க்குள் கொட்டினாலும், நிறைய கொட்டுப் பட்டிருந்தாலும் எந்த அறிகுறிக்கும் காத்திருக்காதீர்கள்.

108-க்குப் பேசும்போது, "கதண்டு கொட்டிடுச்சு, உடம்பெல்லாம் தடிச்சிருக்கு, குரல் மாறுது" என்று சொன்னேன். நடக்க விடாமல் தூக்கியே வண்டியில் ஏற்றினோம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் முதலில் எடை கேட்டார். 20 கிலோ. கடுமையான அலர்ஜிக்கு முதலில் போடும் அட்ரினலின் ஊசியை 0.2 மில்லி, தொடையின் வெளிப்பக்கத்தில் போட்டார். சில நிமிடங்களில் இருமல் அடங்கி, குரல் திரும்பியது. அரிப்புக்கான அலர்ஜி மருந்தான அவில் ஊசி அதற்குப் பிறகுதான். "அவில் அரிப்பைக் குறைக்கும்மா, மூச்சுத் திணறலுக்கு அது போதாது" என்றார். வீட்டில் இருக்கும் அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற பெற்றோர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தெளிந்துவிட்டாளே, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். விடவில்லை. சில மணி நேரம் கழித்து அதே அறிகுறிகள் திரும்பி வரலாமாம். இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று நர்ஸ் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். கொட்டு அதிகமானால் விஷம் தசையையும் ரத்த அணுக்களையும் சிதைத்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். அவளுக்கு அப்படி எதுவும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது.

மறுநாள் கழுத்து வீக்கம் கூடியது. இரண்டு நாள் வரை கூடிவிட்டுத்தான் வற்றும், அதற்குப் பிறகும் சிவப்பு பரவிக் காய்ச்சல் வந்தால் கூட்டி வாருங்கள் என்றார்கள். தீயணைப்புத் துறைக்குச் சொல்லிக் கூட்டின் மிச்சத்தை அழித்தோம். டிஸ்சார்ஜ் சீட்டில் "குளவி ஒவ்வாமை" என்று எழுதி வாங்கி, அதன் நகலை அவள் வகுப்பு டீச்சரிடம் கொடுத்திருக்கிறேன்.