மவுத்வாஷ் கேட்டு வருகிறவர்கள்

பல் கிளினிக்கில் எழுந்து போகும்போது பலரும் கேட்பது ஒன்றுதான்: "டாக்டர், கிருமியெல்லாம் சாகிற மாதிரி ஒரு மவுத்வாஷ் எழுதிக் குடுங்க." விளம்பரம் அப்படிப் பழக்கியிருக்கிறது. வாயில் இதுவரை இனங்கண்ட நுண்ணுயிர் வகைகள் 700-க்கு மேல். பெரும்பாலானவை தொந்தரவு இல்லாதவை, சில நமக்கு வேண்டியவையும்கூட. நாக்கின் பின்பகுதியில் வாழும் சில பாக்டீரியாக்கள் கீரை, பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. உடல் அதிலிருந்து இரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கிறது. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷால் ஒரு வாரம் கொப்பளித்தவர்களுக்கு இரத்த அழுத்தம் லேசாக ஏறியதைச் சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அதனால் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் எழுதும்போதே கெடுவையும் எழுதிவிட வேண்டும்: 10 மில்லி, ஒரு நிமிடம், காலை இரவு, இரண்டு வாரம், அவ்வளவுதான். பல் தேய்த்த கையோடு கொப்பளிக்கக் கூடாது. பேஸ்ட்டில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் மருந்தின் வீரியத்தைக் கெடுத்துவிடும். அரை மணி நேர இடைவெளி வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் மாதக்கணக்கில் பாட்டில் பாட்டிலாக வாங்கி, பல் பழுப்பேறி, "சாப்பாட்டுல ருசியே தெரியல" என்று வந்து நிற்பார்கள்.

சொத்தைப் பல்லின் கணக்கு எளிது. சர்க்கரை வாய்க்குள் போனதும் சில நிமிடங்களில் பற்படலத்தின், அதாவது பல்லில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாப் படலத்தின், பிஎச் (குறையக் குறைய அமிலம் கூடும் அளவு) 5.5-க்குக் கீழே இறங்கி எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதைத்தான் கேட்க வேண்டும். நாளுக்கு ஆறு டீ என்றால் பதில் கிடைத்துவிட்டது.

ஈறு நோய் அப்படியல்ல. பார்ஃபைரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற ஈறு நோய் பாக்டீரியாக்களுக்குச் சர்க்கரை தேவையில்லை. காற்றில்லாத ஆழமும், புரதமும், இரத்தத்திலிருந்து கிடைக்கும் இரும்பும் போதும். ஈறு வீங்கிக் கசியக் கசிய அவற்றுக்குத் தீனி. எனவே இரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தில் பிரஷ் படாமல் விடுவது தலைகீழான வைத்தியம். மெடிக்கல் ஷாப்பில் இரண்டு நாளைக்கு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவதும் அப்படித்தான்: படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியாவை மருந்து லேசில் அசைப்பதில்லை, வீக்கம் வடிந்து மறுபடி வரும். படலத்தைக் கருவியால் கலைத்தே ஆக வேண்டும்.

கலைப்பதற்கு முன் அளக்க வேண்டும். மில்லிமீட்டர் கோடு போட்ட ப்ரோபை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடம் பார்க்க வேண்டும். 3 மில்லிமீட்டர் வரை சரி. 4-ம் அதற்கு மேலும் இருந்து இரத்தமும் கசிந்தால் அங்கே பிரஷும் எட்டாது, மவுத்வாஷும் இறங்காது. புகைப்பவர்களிடம் ஏமாறக் கூடாது: ஈறு வெளிறி, இரத்தமே வராமல், உள்ளே 6 மில்லிமீட்டர் இருக்கும்.

"கிளீன் பண்ணினா பல் ஆடும்" என்ற பயத்திலும் ஒரு உண்மை இருக்கிறது. கீழ் முன்பற்களின் உள்பக்கம், எச்சில் சுரப்பி திறக்கும் இடத்துக்கு நேரே காரை (இறுகிக் கல்லாகிப்போன பற்படலம்) கெட்டியாகப் படியும். எலும்பு கரைந்துபோன பற்களை அந்தக் காரைதான் சிமென்ட் போலப் பிடித்து வைத்திருக்கும். எடுத்ததும் ஆட்டம் தெரியும், இடைவெளி தெரியும், குளிர்ந்த தண்ணீர் கூசும். இதை ஸ்கேலிங்குக்கு, அதாவது காரை எடுப்பதற்கு, முன்பே கண்ணாடியில் காட்டிச் சொன்னால் விளக்கம். பிறகு சொன்னால் சாக்கு.

சுகர் உள்ளவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். சர்க்கரை ஏறினால் ஈறு கெடுகிறது, ஈறு கெட்டால் சர்க்கரை அடங்க மறுக்கிறது. ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாத இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைவதைத் தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. மாத்திரையை நிறுத்தலாம் என்று யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. ஈறு நோயால் ஞாபகமறதி வரும், புற்றுநோய் வரும் என்று சுற்றும் வீடியோக்களைக் காட்டிப் பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. தொடர்பு தென்படுவது வேறு, காரணம் என்று நிரூபணமாவது வேறு. செயற்கை இதய வால்வு இருக்கிறதா என்ற கேள்வியை மட்டும் ஒருபோதும் விடக்கூடாது. இருந்தால், வால்வில் தொற்று வராமலிருக்க, ஈறைத் தொடும் சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு 2 கிராம் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக், பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் மாற்று மருந்து.

சுத்தம் செய்த ஆழத்தில் பழைய பாக்டீரியாக் கூட்டம் சில வாரங்களிலேயே திரும்பத் தொடங்கும். மூன்று மாதத்தில் மறுபடி அளக்க வேண்டியது அதனால்தான். வலி இல்லாததால் அவர்களாக வரமாட்டார்கள். அடுத்த தேதியை அன்றைக்கே ரிசப்ஷனில் குறித்து அனுப்புவதுதான் வழி.