கிறிஸ்தவர் எத்தனை பேர்? முதலில் கேள்வித்தாளைக் காட்டுங்கள்

"பிரிட்டனில் கிறிஸ்தவம் தேய்கிறது" என்று ஒரு செய்தி வரும். கொஞ்ச நாளில் "இளைஞர்கள் சர்ச்சுக்குத் திரும்புகிறார்கள்" என்று இன்னொன்று. இரண்டிலும் சதவீதம் இருக்கும். அதை நம்புவதற்கு முன் என்ன கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள் என்று பார்த்துவிடுங்கள்.

2001 சென்சஸில் இங்கிலாந்து, வேல்ஸ் படிவம் "உங்கள் மதம் என்ன?" என்று கேட்டது. ஸ்காட்லாந்து படிவமோ எந்த மதத்தை, எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று கேட்டது. முதல் கேள்வி, ஆளுக்கொரு மதம் இருந்தே தீரும் என்று எடுத்துக்கொள்கிறது. அதுவும் இனம் கேட்ட கையோடு வருகிறது. பாட்டி ஞானஸ்நானம் கொடுத்துவைத்த ஞாபகத்தில் "கிறிஸ்தவர்" கட்டத்தில் டிக் விழுந்துவிடும். மதமில்லை என்றவர்கள் இங்கிலாந்து, வேல்ஸில் சுமார் 15%, ஸ்காட்லாந்தில் சுமார் 28%. முழு வித்தியாசத்தையும் கேள்வியின் தலையில் கட்ட முடியாது, ஆனால் அதற்கும் பங்குண்டு. (அதே சென்சஸில் இங்கிலாந்து, வேல்ஸில் 3,90,000 பேர் தங்கள் மதம் "ஜெடாய்", அதாவது ஸ்டார் வார்ஸ் படத்து வீரர்களின் மதம், என்று எழுதினார்கள். அவர்களை மதமற்றோர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.)

இங்கிலாந்து, வேல்ஸில் 2011ல் 59.3% ஆக இருந்த கிறிஸ்தவர்கள் 2021ல் 46.2%. கேள்வி மாறவில்லை என்பதால் இந்தச் சரிவை நம்பலாம். 46 என்ற எண்ணை மட்டும் தனியாக எடுத்து "பாதிப் பேர் பக்தர்கள்" என்று சொல்லக் கூடாது.

2011 சென்சஸ் முடிந்த கையோடு, நாத்திகரும் பரிணாம உயிரியலாளருமான ரிச்சர்ட் டாக்கின்ஸின் அறக்கட்டளை இப்ஸாஸ் மோரி என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தை வைத்து, தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்களிடம் காரணம் கேட்டது. ஞானஸ்நானம் பெற்றதால் என்றவர்கள் 72%. போதனைகளை நம்புவதால் என்றவர்கள் 28%. பயனுள்ள தகவல். ஆனால் புதிய ஏற்பாட்டின் முதல் புத்தகம் எது என்று க்விஸ் வைத்து, 35% பேருக்குத்தான் தெரிந்தது என்றதும் அதில் இருந்தது. அதைப் பெருமையாகச் சொல்லப்போன டாக்கின்ஸிடம் வானொலியில் டார்வின் நூலின் முழுத் தலைப்பைக் கேட்டார்கள், தடுமாறினார். பணம் கொடுப்பவர் யார் என்றும் பாருங்கள்.

வருகைக் கணக்கு இன்னும் மோசம். அமெரிக்காவில் ஒஹாயோவின் ஆஷ்டபுலா கவுண்டியில் ஆய்வாளர்கள் சர்ச் சர்ச்சாக வருகைக் கணக்கைத் திரட்டினார்கள். 1993ல் முடிவு வெளிவந்தது. புராட்டஸ்டன்ட்களில் போன வாரம் போனோம் என்று போனில் சொன்னவர்கள் 36%. திரட்டிய கணக்கில் கிடைத்தது 20%. எல்லாரும் துணிந்து பொய் சொன்னார்கள் என்றில்லை. "போன வாரம் போனீர்களா?" என்பது அவர்கள் காதில் "நீங்கள் சர்ச்சுக்குப் போகிற ஆளா?" என்று விழுகிறது. மதத்தைப் பற்றி வாயே திறக்காமல் "ஞாயிறு காலை எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?" என்று மணிவாரியாகக் கேட்டால் கணக்கு இறங்கிவிடும்.

இப்போதைய பெரிய ஓட்டை, யார் வேண்டுமானாலும் சேர்ந்து பரிசுப் புள்ளி வாங்கும் ஆன்லைன் கருத்துக்கணிப்புக் குழுக்கள். 2025ல் பைபிள் சொசைட்டி என்ற கிறிஸ்தவ அமைப்பு, இப்படிக் குழு வைத்திருக்கும் யூகவ் நிறுவனத்தின் தரவை வைத்து, 18–24 வயதினரில் மாதம் ஒருமுறையாவது சர்ச்சுக்குப் போகிறவர்கள் 2018ல் 4%, 2024ல் 16% என்றது. வீட்டு முகவரிகளிலிருந்து குலுக்கல் முறையில் ஆள் எடுக்கும் பிரிட்டிஷ் சோஷியல் ஆட்டிட்யூட்ஸ் ஆய்வில் அப்படி ஒரு ஏற்றமே இல்லை. அமெரிக்காவில் பியூ ஆய்வு நிறுவனம் இப்படிப்பட்ட குழு ஒன்றைச் சோதித்தபோது, 30 வயதுக்குட்பட்டவர்களில் 12% பேர் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஓட்டத் தங்களுக்கு உரிமம் உண்டு என்றார்கள்! புள்ளிக்காகக் கண்ணை மூடிக்கொண்டு "ஆமாம்" தட்டுகிறவர்கள் இவர்கள். 100 பேரில் இப்படிப் பத்துப் பேர் இருந்து, மீதி 90 பேரில் நிஜமாகச் சர்ச்சுக்குப் போகிறவர்கள் 4 பேர் என்றால், விடை 14 என்று வரும். அரிதான பழக்கத்தை அளக்கும்போது சின்னக் குப்பையும் மும்மடங்காகத் தெரியும்.

நம் ஊரில் கணக்கு எதிர்ப்பக்கம், அதாவது குறைவுப் பக்கம், சாய்கிறது. 2011 சென்சஸ்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12%. 1950ல் வந்த ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் கொடுத்தது. 1956ல் சீக்கியர்களையும் 1990ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. மதம் மாறிய ஆதிதிராவிடர் இங்கே பி.சி. பட்டியலுக்குப் போய்விடுவார். சென்சஸ் படிவத்திலும் கிறிஸ்தவர் என்று எழுதினால் எஸ்.சி. என்று பதிய வழியில்லை. வீட்டில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று இருக்கும் குடும்பம், வாசலில் பேனாவோடு நிற்கும் அரசு ஊழியரிடம் எந்த மதத்தைச் சொல்லும்?