அப்பாவுக்கு பெட் ஸ்கேன்: ஒரு பயணம் வீண், ஒரு வெற்றிலை பறிமுதல்

"இன்னைக்கு மருந்து வரல சார். புதன்கிழமை வாங்க."

கும்பகோணத்தில் ராத்திரி பஸ் ஏறி, புற்றுநோய்க் கட்டியைப் படம் பிடிக்கும் பெட் (PET) ஸ்கேனுக்காக அப்பாவை வெறும் வயிற்றோடு சென்னைக்குக் கூட்டி வந்தவனுக்கு ஸ்கேன் சென்டரில் கிடைத்த வரவேற்பு. வெளியே மெடிக்கலில் நானே வாங்கித் தரட்டுமா என்று வேறு கேட்டுத் தொலைத்தேன்.

டெக்னீஷியன்தான் விளக்கினார். ஊசியில் போடுவது கதிரியக்க ஃப்ளூரின்-18 ஒட்டிய குளுக்கோஸ். புற்றுநோய்க் கட்டிகள் பெரும்பாலும் சர்க்கரையை அதிகமாக இழுப்பதால் படத்தில் பளிச்சென்று தெரியும். அந்த ஃப்ளூரினை சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில்தான் செய்ய வேண்டும். ஆக்சிஜன்-18 செறிந்த தண்ணீரில் புரோட்டான்களை மோதவிடுகிறார்கள். 110 நிமிஷத்தில் அதன் வீரியம் பாதி போய்விடும். ஸ்டாக் வைக்க வழியே இல்லை, அன்றன்று செய்வதுதான். அன்றைக்கு மெஷின் ரிப்பேர்.

ஒரு போன் போட்டிருக்கலாமே?

"போட்டோம் சார், யாரும் எடுக்கல."

ஃபார்மில் இருந்தது எங்களை அனுப்பிய கிளினிக்கின் நம்பர்! உங்கள் செல் நம்பரை நீங்களே எழுதுங்கள். கிளம்பும் முன் "மருந்து வந்துடுச்சா?" என்று கேளுங்கள்.

புதன்கிழமை தாம்பரத்தில் சித்தி வீட்டிலிருந்து, கேட்டுவிட்டே கிளம்பினோம். விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 236. இருநூறுக்குக் கீழே வந்தால்தான் ஊசி என்றார்கள். "ரெண்டே ரெண்டு பிஸ்கட்டுடா" என்றார் அப்பா. ஆறு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். சுகர் மாத்திரையை என்ன செய்வது என்றும் முன்பே கேட்டு வையுங்கள். காத்திருந்த இரண்டு மணி நேரமும் உள்ளே மருந்து கரைந்துகொண்டிருக்கிறதே என்றுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 188 வந்தது. மருந்தும் மிச்சமிருந்தது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கேட்டார்கள். நல்லவேளை, போனில் இருந்தது.

ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் அசையாமல், பேசாமல் படுத்திருக்க வேண்டும். எட்டிப் பார்த்த நர்ஸ், "ஐயா, வாயில என்ன?" என்றார். வெற்றிலை! மென்றால் தாடைச் சதையும் சர்க்கரையை இழுத்து, படத்தில் கட்டி மாதிரி மினுங்குமாம். துப்ப வைத்து, பெட்டியை என் கையில் கொடுத்தார்கள்.

ஸ்கேன் இருபது நிமிஷம்தான்.

உடம்பில் கதிரியக்கம் மிச்சமிருக்கும் என்பதால், அன்று முழுக்கக் கைக்குழந்தை, கர்ப்பிணி பக்கம் போகக்கூடாது. சித்தி வீட்டில் பேத்திக்கு எட்டு மாசம். அப்பா மொட்டைமாடியில் தனியாக உட்கார்ந்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.