குருத்தோலையும் சாரோலையும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துக் கேரள-தமிழக எல்லைப்புறத்தில் தமிழ்வழியில் படித்த எவருக்கும் பள்ளிக்கூடம் என்றதும் பனைமரங்கள் நினைவுக்கு வராமல் இருக்காது. பாலக்காட்டுக் கணவாயில் வீசும் காற்றுக்கும், கேரளத்தின் மற்றப் பகுதிகளை விட மழை குறைந்த அந்த மண்ணுக்கும் ஈடுகொடுத்து வரப்புகளில் வரிசையாக நின்ற அந்த மரங்களே எங்கள் கைவேலை வகுப்புக்கு வேண்டிய பொருளையும் பாடத்தையும் ஒருங்கே தந்தன. எங்கள் பள்ளியில் படித்தவர்களின் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கத்தார் எழுதியபோது எனக்கு வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

கேரளப் பள்ளிகளின் கைவேலைப் போட்டி விழாவான பிரவிருத்தி பரிசய மேளாவில் ஓலை, மூங்கில், சிரட்டை, தாழை என்று இனம் இனமாகப் போட்டி நடத்துவதும், மூன்று மணி நேரத்துக்குள் அங்கேயே உட்கார்ந்து செய்து முடிக்கச் சொல்வதும் நாம் அறிந்தவை. அதற்காக எங்களைப் பழக்கிய டீச்சர், எந்தப் பொருளையும் விலைக்கு வாங்க எங்களை விட்டதே இல்லை. தேடி எடுக்கத் தெரிவதே கைவேலையில் முக்கால் பங்கு என்பது அவர் கொள்கை. பின்னல் முறையை எவரும் சில நாளில் கற்றுக்கொள்ளலாம். எந்த ஓலையை, எந்தப் பருவத்தில், மரத்துக்குக் கேடு வராமல் எடுப்பது என்பதைக் கற்கத்தான் காலம் பிடிக்கும் என்று நானும் இன்றுவரை உறுதியாக நம்புகிறேன்.

பனையின் உச்சியில் விரியாமல் மடிந்து நிற்பது குருத்தோலை. விரிந்து பச்சை ஏறியது சாரோலை. குருத்தோலையை வெயிலில் உலர்த்தினால் தந்தம் போல வெளுத்து, மடித்த இடத்தில் முறியாமல் வளைந்து கொடுக்கும் என்பதால் நுண்ணிய வேலைக்கெல்லாம் அதுவே உகந்தது. தடித்த சாரோலை பெட்டிக்கும் கூடைக்கும் போகும். பனைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அது சிதைந்தால் மரமே பட்டுப்போகும். ஆகவே குருத்தை அறுக்கும் வேலையைப் பனையேறும் பெரியவர் ஒருவரிடமே டீச்சர் ஒப்படைத்திருந்தார். நாங்கள் அப்பாரு என்று அழைத்த அவர், ஒரு மரத்தில் ஒரு குருத்து எடுத்துவிட்டால், எத்தனை கெஞ்சினாலும் அடுத்த குருத்து வந்து விரியும் வரை அந்த மரத்தில் அரிவாள் வைக்க மாட்டார். எங்கள் வகுப்பில் அவரும் ஓர் ஆசிரியர் என்றே நான் கருதுகிறேன்.

மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்றில், நண்பகலுக்குள் ஓலை மொறுமொறுப்பாகிவிடும். முதல் நாள் இரவே கீற்றுகளைப் பனியில் போட்டு வைப்பதும், போட்டிக் கூடத்துக்கு ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போவதும் அதனால்தான். கிலுகிலுப்பை செய்யும்போது இந்தப் பதம் நன்றாகத் தெரியும். விரல் அகலக் கீற்றுகள் நான்கை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து இழுத்தால் சதுரமாக ஓர் அடி அமையும். பக்கங்களை மடித்து மேலேற்றி, கூடு மூடுவதற்கு முன் பொடிக்கற்களை உள்ளே இட்டு, எஞ்சிய நுனிகளை ஈர்க்கின் மேல் இறுகச் சுற்றினால் கைப்பிடி வந்துவிடும். பதம் தப்பிய கீற்று முதல் மடிப்பிலேயே பிளந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கற்களுக்குப் பதிலாக வேலியோரம் கிடைத்த குன்றிமணியை இட நாங்கள் ஆசைப்பட்டதுண்டு. டீச்சர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். குன்றிமணியின் மேல்தோல் உடைந்து உள்ளே சென்றால் கொடிய நஞ்சு. குழந்தையின் கைக்குப் போகும் பொருளில் அதற்கு இடமில்லை. பிள்ளையார் சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்குக் கண் வைப்பதோடு அது நிற்கட்டும் என்பார். பூவரச இலைப் பீப்பி, நுங்கு தின்ற கூந்தலில், அதாவது வெறுங்காயில், செய்த வண்டி, குருத்தோலை ஞாயிறுக்குத் தென்னங்குருத்தில் மடித்த சிலுவை ஆகியவற்றையும் விரிவாக எழுத இடம் போதாது.

அமீரகத்துக்கு வந்த பிறகு, பேரீச்சை ஓலையில் இங்குள்ள மூதாட்டியர் பின்னும் சஃபீஃபாவைக் கண்டு வெகுநேரம் நின்றேன். ஓலையை ஊறவைத்து, சாயம் தோய்த்து, நீண்ட பட்டையாகப் பின்னி, பிறகு அதையே சுருட்டித் தைத்துக் கூடையும் விரிப்பும் ஆக்குகிறார்கள். பேரீச்சையைச் சார்ந்த அறிவையும் கைத்திறன்களையும் மரபுகளையும் யுனெஸ்கோ 2019ஆம் ஆண்டில் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அரபு நாடுகள் பல ஒன்றுகூடிக் கேட்டுப் பெற்ற மதிப்பு அது. நம் பனைக்கும் அத்தகைய மதிப்பைத் தேடித்தர ஆள் வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சங்கத்தாரிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உள்ளன. வரும் ஆண்டுக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கென ஒரு மணி நேரம் ஒதுக்கினால், இங்கே கிடைக்கும் பேரீச்சை ஓலையைக் கொண்டே பின்னல் கற்றுத்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். அடுத்தது, பள்ளியின் சுற்றுச்சுவரை ஒட்டிப் பனங்கொட்டை ஊன்ற அனுமதி கேட்டு நிர்வாகத்துக்கு எழுத வேண்டும். ஆவணியில் பழம் விழத் தொடங்கும் என்பதால், கடிதம் ஆடிக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது.